ஹிலித்லாவின் மர அச்சுகள்

மெக்ஸிகோவின் ஹிலித்லா என்ற மலையூருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு படிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். காட்டு நடுவே சுருண்டு ஏறி, எந்த மாடியையும் தொடாமல் அந்தரத்தில் நின்றுவிடும் கான்கிரீட் படிக்கட்டு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் மனம் அதைவிட்டு விலகி, அதற்கு முன்னால் அங்கே இருந்த ஒன்றின் மேல் போய் நின்றுவிட்டது. அந்தப் படிகளை வார்ப்பதற்காக ஒரு தச்சர் செய்த மர அச்சுதான் அது.

தோட்டத்தின் பெயர் லாஸ் போசாஸ். சான் லூயிஸ் பொதோசி மாநிலத்தில், சியரா மாத்ரே ஓரியந்தால் மலைத்தொடர் மெக்ஸிகோ வளைகுடாவைப் பார்த்து இறங்கும் சரிவில், ஊரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. ஓடை ஒன்று அருவிகளாக விழுந்து குளங்களில் தங்கித் தங்கி இறங்குகிறது. அதை ஒட்டி, முப்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுக்குள், கூரையில்லாத மாளிகைகள், சுவரில்லாத வாசல்கள், யாரையும் தாங்காத தூண்கள். ஒரு வீட்டின் பெயர், ‘மூன்று மாடி வீடு, உண்மையில் ஐந்தோ நாலோ ஆறோ இருக்கக்கூடியது’. அப்படியே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தூண்களில் ஒன்றை அருகில் நின்று பாருங்கள். பாசியை விலக்கக்கூட வேண்டாம். மேலிருந்து கீழாக, நூல் பிடித்ததுபோல ஒரு மெல்லிய வரம்பு ஓடும். அச்சின் இரண்டு துண்டுகள் கூடிய இடத்தில் சிமென்ட் பால் கசிந்து இறுகிய கோடு அது. அதன் இருபுறமும் மரத்தின் ரேகை பதிந்திருக்கும். மரம் கழற்றப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அதன் வருஷ வளையங்கள் கல்லின் மேல் கிடக்கின்றன.

சென்ட்ரிங் வேலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். சதுரத் தூணுக்கு நாலு பலகை போதும். இங்கே இருப்பவையோ மூங்கில்போலக் கணுக்கணுவாக ஏறும் தூண்கள், உச்சியில் இலையாகவும் பூவாகவும் விரிபவை. இதற்கு அச்சு செய்யும் தச்சர் எல்லாவற்றையும் தலைகீழாக யோசிக்க வேண்டும். இலையில் புடைக்க வேண்டிய நரம்பை அச்சில் பள்ளமாகக் குடைய வேண்டும். பள்ளமாக வர வேண்டியதை மேடாக விட்டுவைக்க வேண்டும். ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ கனக்கும். அந்தக் கனத்தில் அச்சு பிதுங்கக் கூடாது. இறுகிய பிறகு கழற்றும்போது இதழின் ஓரம் உடையவும் கூடாது. உள்ளே ஒரு வளைவு கொக்கிபோல மடிந்திருந்தால் போதும், மரம் அங்கே மாட்டிக்கொண்டு வராது. அதனால் அச்சைப் பல துண்டாகப் பிரித்து, எது முதலில் கழலும், எது அதற்குப் பிறகு என்ற வரிசையை வார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இவ்வளவும் பொறியாளர் போட்ட வரைபடத்தை வைத்து அல்ல, தோட்டத்தை உருவாக்கியவர் கையால் கிறுக்கிக் கொடுத்த படங்களை வைத்து. செய்தவர் ஹோசே அகிலார் என்ற உள்ளூர்த் தச்சர்.

படம் கிறுக்கியவர் பெயர் உலகுக்குத் தெரியும். எட்வர்ட் ஜேம்ஸ், 1907இல் பிறந்த ஆங்கிலேயர், கவிஞர், பெரும் பணக்காரர். சர்ரியலிச ஓவியர்களைக் காசு கொடுத்து வாழவைத்தவர். சல்வடோர் டாலியின் சிங்கி இறால் தொலைபேசியும் உதட்டு வடிவ சோபாவும் அவருக்காகச் செய்யப்பட்டவை. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘கிறுக்கு’ என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மலையூரின் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் இருபது ஆண்டுக்கு மேல் வேலை கொடுத்து, பணம் போதாதபோது தன்னிடமிருந்த ஓவியங்களை விற்று அந்த வேலையை நிறுத்தாமல் நடத்தியவரை வெறும் கிறுக்கு என்று எப்படிச் சொல்வது? இதில் ஒரு பிடிவாதம் இருக்கிறது, ஒரு பொறுப்பும் இருக்கிறது.

அவர் முதலில் நட்டது கான்கிரீட் அல்ல, ஆர்கிட் செடிகள். மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த ப்ளூதார்கோ காஸ்தெலும் என்ற இளைஞரை 1945 வாக்கில் சந்தித்து, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். 1947இல் காஸ்தெலும் பெயரில் நிலம் வாங்கினார்கள். பிறகு பதினைந்து ஆண்டுக் காலம் ஆர்கிட் மேல் ஆர்கிட்டாகச் சேர்த்தார். மரக்கிளைகளில் வேரைக் கட்டி, ஓடைச் சாரல் படும்படி வளர்த்த ஆயிரக்கணக்கான செடிகள்.

1962இல் அந்த மலையில் உறைபனி விழுந்தது. வெப்பக்காட்டுச் செடிக்கு உறைபனி என்றால் என்ன என்று நினைத்துப் பார்க்கிறேன். இலை முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும். அது உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் உயிரணுக்களின் சவ்வைச் சிதைத்துவிடும். அந்த நிமிடத்தில் பார்த்தால் செடிக்கு ஒன்றும் ஆகாததுபோல, பச்சையாக, விறைப்பாகவே இருக்கும். வெயில் ஏறிப் பனி உருகிய பிறகுதான் இலை கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தொடங்கும், தொட்டால் கொழகொழக்கும், பிறகு கறுக்கும். சாவு இரவில், அது தெரிவது பகலில். பதினைந்து வருஷ உழைப்பு இப்படிக் கிளை கிளையாகக் கறுத்துப் போவதை ஒரு மனிதர் தோட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார். இரங்கல் கவிதை எழுதித் தேற்றிக்கொண்டு இங்கிலாந்தில் இருந்த மாளிகைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். பனியால் கொல்ல முடியாத பூக்களைச் செய்வது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவை நிறைவேற்ற ஒரு தச்சர் தேவைப்பட்டார்.

அச்சுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரெனே மக்ரித் 1937இல் ஜேம்ஸை வரைந்த ஓவியம் நினைவுக்கு வருகிறது. கண்ணாடி முன் நிற்கும் ஒரு மனிதரின் முதுகு. கண்ணாடியில் முகம் தெரிய வேண்டும், ஆனால் அங்கேயும் அதே பிடரி, அதே முதுகு. பக்கத்தில் கிடக்கும் எட்கர் ஆலன் போவின் நாவல் மட்டும் முறைப்படி இடவலம் மாறிப் பிரதிபலிக்கிறது. இத்தனை வருஷமாக அந்த ஓவியத்தை முகமற்ற மனிதனின் புதிர் என்றே படித்துவந்தேன். தச்சரின் அச்சைப் பற்றித் தெரிந்த பிறகு வேறு மாதிரி பார்க்கத் தோன்றுகிறது. எதிரில் இருப்பதைத் திருப்பிக் காட்ட மறுக்கும் கண்ணாடி அது. அச்சோ எல்லாவற்றையும் திருப்பித்தான் வைத்திருக்கிறது. உருவத்தின் வெளிப்புறம் அச்சின் உட்புறம். ஜேம்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் கண்ணாடியில் தேடிப் பயனில்லை. காலியான மர அச்சுக்குள் குனிந்து பார்த்தால் கொஞ்சம் அகப்படலாம்.

அச்சிலிருந்து அதில் வார்த்த பொருளுக்கு வருவோம். ஹிலித்லா மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். சிமென்ட்டும் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு அரைப்பதுதான். இதை யோசித்தபோது தோட்டம் எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று, அன்னியப் பொருள் எதையும் காட்டுக்குள் திணித்ததாகத் தோன்றவில்லை. சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணீர் கரைக்கும். ஹிலித்லாவுக்கு வடக்கே அகிஸ்மோன் வட்டாரத்தில் அப்படிக் கரைந்து உண்டான பள்ளம் ஒன்று இருக்கிறது, சோதானோ தெ லாஸ் கோலோந்த்ரினாஸ். தாழ்ந்த விளிம்பிலிருந்தே 333 மீட்டர் ஆழம். விடியலில் அதன் இருட்டிலிருந்து வெண்கழுத்து உழவாரன்கள் ஆயிரக்கணக்கில் சுழன்று சுழன்று மேலே வருகின்றன. சுவரோரமாக நேர்க்கோட்டில் ஏற இடமில்லாததால் சுற்றிச் சுற்றித்தான் உயரம் பிடிக்க வேண்டும். சாயங்காலம் அந்தச் சிரமமே இல்லை. வாய்க்கு மேலே வந்ததும் சிறகை மடக்கிக்கொண்டு நேரே விழுகின்றன, காற்றைக் கிழிக்கும் ஓசை விளிம்பில் நிற்பவர் காதில் அறைகிறது. ஹிலித்லாவும் அகிஸ்மோனும் அடங்கிய வாஸ்தேகா வட்டாரத்தில் பார்க்க வேண்டியவை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த விடியலைத்தான்.

பள்ளத்தைக் குடைந்த அதே மழைத்தண்ணீர் லாஸ் போசாஸிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கான்கிரீட்டின் வெடிப்பில் ஈரம் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மேல்பூச்சு பெயர்ந்து விழுகிறது. முடிக்காமல் விட்ட தூண்களின் தலையில் கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மஞ்சளும் நீலமுமாகப் பூசிய வண்ணங்களை மழை ஏறக்குறையக் கழுவிவிட்டது. 1984 டிசம்பரில் ஜேம்ஸ் இத்தாலியில் இறந்த பிறகு வேலை நின்றது, காடு உள்ளே வந்தது. 2007இல் மாநில அரசு, ஓர் அறக்கட்டளை, செமெக்ஸ் என்ற சிமென்ட் நிறுவனம் மூன்றும் சேர்ந்து அமைத்த நிதியம் தோட்டத்தை வாங்கிப் பராமரிப்பைத் தொடங்கியது. பாசியை எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதில் என் கருத்து உறுதியானது. துரு ஏறிய கம்பிக்கு வைத்தியம் பார்க்கட்டும், பாசியின் மேல் கைவைக்க வேண்டாம். தோட்டத்தை மட்டும் வாங்கிக் காட்டைத் துரத்தினால் வாங்கியதில் பாதிகூட மிஞ்சாது.

ஊரைப் பற்றிச் சொல்ல மற்ற சமாச்சாரங்களும் உண்டு. சதுக்கத்தில் பதினாறாம் நூற்றாண்டு அகுஸ்தீனிய மடம் ஒன்று கோட்டை மாதிரி கனமாக உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் காப்பி விளையும் சரிவுகள். சந்தைக்கு நவா, தேனெக் மக்கள் மலையிறங்கி வருகிறார்கள். சாக்காவில் என்று ஒரு பதார்த்தம். கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோள மாவில் மிளகாயும் இறைச்சியும் கலந்து, வாழை இலைகளில் ஆளுயரப் பொட்டலமாகக் கட்டி, இரவெல்லாம் அடுப்புக்குள் விட்டு எடுக்கிறார்கள். காலையில் பிரித்து ஊருக்கே பரிமாறலாம். வயலினும் இரண்டு வகைக் கிதாரும் சேர்ந்த வாபாங்கோ பாட்டில், பாடகர் திடீரென்று குரலை உடைத்து உச்சிக்குத் தாவும் இடம் கேட்டால் பிறகு மறக்காது. ஜேம்ஸின் தோழியான ஓவியர் லியோனோரா காரிங்டனுக்கு 2018இல் இந்தச் சின்ன ஊரில் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள்.

காஸ்தெலும் ஊருக்குள் கட்டிய வீட்டை எல் காஸ்தியோ என்கிறார்கள். ஹிலித்லாப் பெண்ணை மணந்து, பிள்ளைகளோடு அங்கே வாழ்ந்தார். ஜேம்ஸுக்கும் அதுதான் குடும்பம், அந்தப் பிள்ளைகளுக்கு அவர் மாமா. இன்று அது தங்கும் விடுதி. இங்கிலாந்தில் வெஸ்ட் டீனில் இருக்கும் ஜேம்ஸின் கல்லறையில் பெயருக்குக் கீழே கவிஞர் என்று பொறித்திருக்கிறார்கள். சரிதான், அவர் அப்படி அறியப்படவே விரும்பினார். ஆனால் அவர் எழுதிய கவிதைகளைத் தேடிப் படிப்பவர்கள் இன்று அநேகமாக இல்லை, தச்சர் அகிலாரின் கைவேலையை நாள்தோறும் மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

மர அச்சுகளில் பல பிழைத்து, ஊரிலேயே ஜேம்ஸ் பெயரில் இருக்கும் சிறு அருங்காட்சியகத்தில் கிடக்கின்றன. தோட்டத்தைப் பார்த்து முடித்ததும் அடுத்த பேருந்தைப் பிடித்துவிடாதீர்கள். அங்கே போய் ஓர் அச்சின் உள்பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். பள்ளமாக இருக்கும் ஒவ்வொரு கோடும் தோட்டத்தில் எந்த இலையில் புடைத்து நின்றது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியும்.