பொதிகையின் மறுபுறம்

மலைநாடு காணவேண்டுமென்றால் நேபாளத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சீட்டு வாங்குவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. வாங்கட்டும். நாங்களோ பழவங்காடிக்குப் பிழைக்க வந்து இரண்டு தலைமுறை ஆகியும், கிழக்கே நீலமாகத் தெரியும் மலையை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

எங்கள் வீட்டுப் பாட்டி பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். அவருக்கு அம்மலை பொதிகை, தாமிரபரணியின் பிறப்பிடம். இங்குள்ளோருக்கு அதுவே அகஸ்தியர் கூடம். இப்புறம் நெய்யாறும் கரமனையாறும் இறங்குகின்றன. “மலைக்கு முதுகுப்புறம் வந்து குடியிருக்கிறோம்” என்பது பாட்டியின் நெடுநாளைய குறை. உச்சியில் நின்று தம் ஊர்ப்பக்கம் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எங்களில் கணவர் ஒருமுறை நண்பர்களோடு ஏறியவர். மனைவிக்கு அன்று கிடைத்தது புளியோதரை கட்டிக்கொடுக்கும் பாக்கியம் மட்டுமே. பெண்கள் சிகரம் ஏறுதல் அந்நாளில் கூடாது. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மறு ஆண்டு ஜனவரியில் தன்யா சனல் என்பவர் முதலில் ஏறினார். ஆகவே இம்முறை கல்லூரியில் பயிலும் மகளையும் சேர்த்து மூவராய்ப் புறப்பட்டோம்.

தை மாதத்து விடியற்காலையில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். இராணுவத்தினர் பராமரிக்கும் கோயில். இதனினும் கடினமான பயணங்களுக்கெல்லாம் அங்கே தேங்காய் உடைபட்டிருக்கும்! விதுரா வழியாகப் போனக்காடு சேர்ந்து, கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டத்தைக் கடந்து காட்டினுள் நுழைந்தோம். ஓடைகள், பின்னர் வெயில் கொளுத்தும் புல்வெளி, அதன்பின் முட்டிடிச்சான் தேரி. அப்பெயரின் பொருளை எங்கள் முழங்கால்களே விளக்கின. அந்தி சாயும் வேளைக்கு அதிருமலை முகாமை அடைந்தோம்.

வழிகாட்டியாக வந்தவர் காணி குலத்தவர். அவர் பேச்சைத் தமிழென்பதா, மலையாளமென்பதா என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் ஒரு சொல்லும் புரியாமற் போகவில்லை. 1987-இல் இம்மலைக்கு வந்த விஞ்ஞானிகள், காணியர் களைப்பு நீங்க ஆரோக்கியப்பச்சையின் காய்களைத் தின்பதைக் கண்டார்கள். அதிலிருந்து பாலோட்டு ஆய்வு நிலையம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியபோது, வருவாயில் பாதி காணியருக்கென ஒப்பந்தமாயிற்று. அறிவுக்கு உரியவரைக் கேட்டு விலை பேசிய அரிய செய்தி அது.

அவர் வீட்டுப் பெண்கள் மேலே வருவதில்லையாம். அகத்தியர் அவர்களுக்குக் குலதெய்வம். பெண்கள் ஏறுவதைக் காணியர் எதிர்த்ததும் உண்டு. எங்களுக்கு வழி திறந்த தீர்ப்பு நியாயமானது. அவருடைய மனத்தாங்கலும் மெய்யானது. இரண்டையும் ஒரே மூட்டையிற் கட்டிச் சுமந்தோம். மகள் அவரிடமே, “நான் வருவது உங்களுக்கு வருத்தமா, அண்ணா?” என்று கேட்டாள். “காட்டில் விழாமல் வா, அது போதும்” என்றார்.

மறுநாள் கயிறு பற்றிப் பாறை ஏறினோம். உயரம் 1,868 மீட்டர். திருவிதாங்கூர் வானியலார் ஜான் ஆலன் பிரௌன் 1855-இல் இங்கே ஆய்வுக்கூடம் அமைத்தார். கருவிகளையெல்லாம் எப்படித்தான் ஏற்றினார்களோ! நாங்கள் ஒரு தண்ணீர்ப் புட்டியைச் சுமக்கவே முனகினோம். அகத்தியர் சிலைக்குச் சில அடி தள்ளியே தாயும் மகளும் நின்று கைகூப்பினார்கள். எவரும் சொல்லவில்லை, தாமாகவே அப்படி நின்றார்கள்.

கிழக்கே ஒன்றும் தெரியவில்லை. மேற்கில் வெயில், அம்பாசமுத்திரப் பக்கம் முழுவதும் மூடுபனி. அரைமணி நேரம் காத்தோம். வழிகாட்டி பொழுதைக் காட்டினார், இறங்கினோம்.

ஊர் தெரிந்தது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று பேருந்தில் ஆலோசித்தோம். மகள் ஒப்பவில்லை. வீடு வந்ததும் உள்ளதை உள்ளபடி சொன்னோம். பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “மேகமா, வெறும் பனியா?” என்று கேட்டார். மேகம்போலத்தான் இருந்தது என்றோம்.

“அப்படியானால் ஆற்றில் தண்ணீர் வரும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் கால்களுக்குத் தைலம் எடுத்துவர உள்ளே போனார்.