‘எனக்கு மகிழ்ச்சி’, ‘எனக்குக் கடினம்’

சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என வளரும் மாணவர்கள் உண்டு. ஆங்கிலப் பெயரடையை அடுத்து ‘டு’ பெற்ற வினை வரும் தொடர்களில் அவர்கள் இடறக் காரணம் இருக்கிறது. ‘ஐ ஆம் ஹாப்பி டு ஸ்பீக்’ சரி. ‘ஐ ஆம் டிஃபிகல்ட் டு ஸ்பீக்’ பிழை; ‘இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ டு ஸ்பீக்’ என்பதே வழக்கு.

தமிழில் மகிழ்ச்சியும் ‘எனக்கு’, கடினமும் ‘எனக்கு’. இரண்டும் நான்காம் வேற்றுமை. தெலுங்கிலும் ‘நாக்கு சந்தோஷங்கா உந்தி’, ‘நாக்கு கஷ்டங்கா உந்தி’ என ஒரே அமைப்பு. (தமிழ் எழுத்தில் அது நாவாகிவிடுவது வேறு வேடிக்கை.) ஆகவே பள்ளிமொழி வீட்டுமொழியின் பழக்கத்தைத் திருத்துவதில்லை, உறுதிசெய்கிறது. ஆங்கிலமோ மகிழ்ச்சியை ஆளுக்கும் கடினத்தைச் செயலுக்கும் உரியதாக்குகிறது.

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இவ்வகைத் தொடர் எளிதில் கைவருவதில்லை. 5 முதல் 10 வயதுவரையிலான குழந்தைகளை ஆராய்ந்து கரோல் சோம்ஸ்கி 1969இல் நூல் வெளியிட்டார். கண் கட்டப்பட்ட பொம்மையைக் காட்டி, அது ‘ஈஸி டு சீ’யா, ‘ஹார்ட் டு சீ’யா என்று கேட்டபோது, பொம்மையால் பார்க்க முடியாது என்று பொருள்கொண்டு ‘ஹார்ட்’ என்ற சிறுவர்கள் இருந்தனர்.

நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் டிஃபிகல்ட்’ என்று தொடங்கும் மாணவர், ‘நான் முரண்டு பிடிப்பவன்’ என்று தம்மையே அறிமுகப்படுத்திக்கொண்டவராகிறார். அங்கே இழப்பது வேலை. பெயரடைப் பட்டியலை மனப்பாடம் செய்விப்பதைவிட, இரண்டு ‘எனக்கு’த் தொடர்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஆங்கிலத்தில் எது ‘ஐ’ ஆகிறது, எது ‘ஃபார் மீ’ ஆகிறது என்று மாணவரையே கேட்கலாம்.