யாரும் நியமிக்காத தலைவர்கள்

சென்ற ஆண்டு எங்கள் துறையின் கள ஆய்வுக் குழு ஒன்றை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அறுவர் கொண்ட சிறு குழு. கேரளத்தின் தமிழ் எல்லைப் பகுதிகளில், பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும் இடுக்கியின் மூன்னாறு மலைகளிலும், உழைக்கும் பெண்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்வதே பணி. அதுவரை என் ஆய்வேட்டுக்கு மட்டுமே பொறுப்பேற்றிருந்த எனக்கு, பிறருடைய நேரத்துக்கும் உழைப்புக்கும் மனச்சோர்வுக்கும் பொறுப்பேற்பது புதிய பாடமாக இருந்தது. தலைமைப் பண்பு குறித்த நூல்கள் சிலவற்றைப் புரட்டினேன். அவை அனைத்தும் ஒரு பதவியிலிருந்து தொடங்கின. நாங்கள் சந்திக்கச் சென்ற பெண்களோ எந்தப் பதவியும் இல்லாமல் தலைமையேற்றவர்கள். எனவே நூல்களை மூடிவைத்துவிட்டு அவர்களது வரலாற்றையே பாடமாகக் கொண்டேன்.

2015 செப்டம்பரில் மூன்னாறில் நிகழ்ந்தது நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். கண்ணன் தேவன் தோட்டங்களில், முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ், கருணைத்தொகையையும் சேர்த்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி பெற்றுவந்த, பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலைக்கு வந்தனர். 20 விழுக்காடு போனஸ், 500 ரூபாய் நாட்கூலி என்பன அவர்களது கோரிக்கைகள். தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில் அண்டவிடவில்லை. லிஸி சன்னி, கோமதி, இந்திராணி, ராஜேஸ்வரி போன்றோரின் பெயர்களை நாடு பிற்பாடுதான் அறிந்தது. ஒன்பது நாட்களில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிடைத்தது. அந்தத் திரளுக்கு வாய்த்த பெயர் ‘பெம்பிளை ஒருமை’.

இதைத் ‘தன்னெழுச்சி’ என்ற ஒற்றைச் சொல்லால் நாம் கடந்துவிடுகிறோம். களத்தில் கேட்டபோது எனக்குப் புலப்பட்டது வேறு. ஒரே மலையில் வரிசையாக நின்று கொழுந்து பறிப்பவர்கள், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்பவர்கள், ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டே வளர்த்தவர்கள் அவர்கள். அமைப்பு என்பது போராட்டத்துக்கு முன்பே அன்றாட வாழ்வில் கட்டப்பட்டிருந்தது. செப்டம்பரில் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வெற்றிக்குப் பிந்தைய பகுதியே எனக்கு அதிகம் கற்பித்தது. கூலிக்கான அடுத்த கட்டப் போராட்டத்தின் முடிவில் தேயிலைத் தொழிலாளிக்கு 301 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது. கேட்ட 500 கிடைக்கவில்லை. அவ்வாண்டின் உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட்டுச் சில இடங்களை வென்றனர்; கோமதி வட்டார ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விரைவிலேயே முன்னணியில் நின்றவர்களிடையே பிளவு வந்தது. 2016 சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தொகுதியில் நின்ற அவர்களது வேட்பாளருக்குச் சொற்ப வாக்குகளே விழுந்தன.

இதைத் தலைமையின் தோல்வி என்று எழுதுவது எளிது. என் வாசிப்பு அதுவன்று. சாலையில் அமர்வதற்குத் தேவையான திறன் வேறு. கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் கணக்குப் பேசும் திறன் வேறு. வாக்குக் கேட்கும் திறன் முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே சிலர், சில மாதங்களுக்குள், கூலி வேலையை விடாமல் கற்க வேண்டியிருந்தது. கூடவே, திரளாக நின்றவரை எழாத ஒரு கேள்வி, ஊடகங்கள் முகங்களைத் தேடியபோது எழுந்தது: இது யாருடைய பெயரில்?

பாலக்காட்டின் பிளாச்சிமடை இன்னொரு பாடத்தைத் தந்தது. கோகோ கோலா ஆலை 2000இல் அங்கு இயங்கத் தொடங்கிய பின் கிணற்று நீர் கெட்டது என்று முதலில் பேசியவர்களுள் ஒருவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலுக்கு எதிரே போராட்டப் பந்தல் எழுந்தது. பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2007இல் மயிலம்மா மறைந்தார். இழப்பீட்டுக்கான தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. ஆலை மூடப்பட்டபின்னும் போராட்டம் முடியவில்லை. பந்தலில் நாள்தோறும் யாரேனும் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அங்கே தலைமையின் முழுப் பொருளாக இருந்தது.

எங்கள் குழுவின் சறுக்கல்கள் இவற்றின் முன் மிகச் சிறியவை. ஆனாலும் பணி நின்றுபோகும் நிலை வந்தது. ஒரு தோட்ட நிர்வாகம் கடைசி நேரத்தில் அனுமதி மறுத்தது. வேலை கிடைத்து இருவர் விலகினர். எஞ்சியோரிடம் சோர்வு படர்ந்தது. நான் கற்றவற்றை அப்போது மூன்று வழிகளில் பயன்படுத்தினோம்.

முதலாவது, இருக்கும் உறவுகளின் வழியே செல்வது. தோட்டத்துக்குள் நுழைய முடியாததால், ஞாயிறுதோறும் பெண்கள் கடைத்தெருவுக்கு வரும் நேரத்தில், அவர்கள் தெரிவுசெய்த இடங்களில் சந்தித்தோம். மேற்பார்வையாளரின் கண் படாத இடத்தில் அவர்கள் கூடுதலாகவே பேசினர்.

இரண்டாவது, திறன்களைப் பிரிப்பது. நன்றாக உரையாடுபவர் உரையாடினார்; பொறுமையாகக் கேட்டு எழுதுபவர் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கினார்; அலுவலகக் கடிதங்கள் என் பங்கு. எல்லாரும் எல்லாம் செய்ய வேண்டும் என்ற விதியைக் கைவிட்டோம். மாலைக் கூட்டத்தை மட்டும் முறைவைத்து ஒவ்வொருவரும் நடத்தினர். ஒருநாளும் அதை நிறுத்தவில்லை.

மூன்றாவது, பெயரைப் பற்றி முன்கூட்டியே பேசுவது. எந்தக் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், விலகியவர்களின் உழைப்பு எவ்வாறு குறிக்கப்படும் என்பதை, ஒரு வரிகூட எழுதப்படுவதற்கு முன்பே, எழுத்தில் முடிவுசெய்தோம். ஆய்வுலகில் எத்தனை நட்புகள் இந்த ஒரு கேள்வியில் முறிந்திருக்கின்றன என்பதை இதை வாசிக்கும் நீங்கள் அறிவீர்கள்.

திட்டமிட்ட நேர்காணல்களில் பாதியையே முடிக்க முடிந்தது. அறிக்கையில் அந்த எண்ணிக்கையையும் அதற்கான காரணங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். 500 கேட்டு 301 பெற்றவர்கள் அடுத்த நாள் காலை மலையேறினார்கள் என்பதையும், அதைத் தோல்வி என்று எங்களிடம் அவர்கள் ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் அதே அறிக்கையில் சேர்த்திருக்கிறோம். புதிதாகக் குழுப் பொறுப்பேற்கும் ஆய்வு மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: உங்கள் குழுவில் ஏற்கெனவே யார் யாரைத் தாங்கி நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பொறுப்பு அங்கிருந்து தொடங்குகிறது.