சொல்லிட்டு வித்தா தப்பில்ல!

ஒரு சின்ன டெஸ்ட். உங்க அலமாரியைத் திறங்க. கடந்த ஆறு மாசத்துல ஒரு தடவைகூட போடாத சட்டை எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வாங்க. நான் வெயிட் பண்றேன்.

எண்ணிட்டீங்களா? நாலுக்குக் குறையாதே! அத்தை பையன் கல்யாணத்துக்கு எடுத்தது ஒண்ணு, ஆஃபர்ல வாங்கி அளவு பத்தாமப் போனது ஒண்ணு, 'உனக்கு இந்த கலர் செட் ஆகலைடா'ன்னு ஃப்ரெண்டு சொன்னதும் உள்ளே போய் ஒளிஞ்சது ஒண்ணு... இந்த மாதிரி சட்டைகளை வெச்சுத்தான் ஒன்றரை வருஷமா என் பஸ் பாஸும், மெஸ் பில்லும், செமஸ்டர் ஃபீஸ்ல ஒரு பங்கும் ஓடுது. ஆமா பாஸ், நான் பழைய சட்டை வியாபாரி. அதுவும் ஆன்லைன்ல!

வயசு 20. மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஊர் மரக்காணம். சென்னையிலேர்ந்து ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரி போறப்ப, ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்களே... பைக்கை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பீங்களே... அந்த உப்பளம் எங்க ஊர்தான். உங்க செல்ஃபியில பின்னாடி தலையில கூடையோட ஒரு அம்மா நடந்து போறாங்களா? அது எங்க அம்மாவாகூட இருக்கலாம்.

வியாபாரம் ஆரம்பிச்ச இடம், ஹாஸ்டல். ஃபைனல் இயர் அண்ணன்கள் ரூமைக் காலி பண்றப்ப, பெட்டி மூட மாட்டேங்குதுன்னு பாதித் துணியைக் கட்டில் மேலயே போட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படி 15 சட்டைகளை 600 ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். துவைச்சு, இஸ்திரி போட்டு, வராண்டா சுவத்துல மாட்டி போட்டோ எடுத்து, இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் ஆரம்பிச்சு ஏத்தினேன். மூணாவது நாள் முதல் ஆர்டர். ஹாஸ்டலே அதிருற மாதிரி கத்தினேன்!

கணக்கு கேட்பீங்களே? சட்டை 40, சலவை இஸ்திரி 20, பட்டன் நூல் 5, கவர் 5, கூரியர் 70. ஆக 140. வித்தது 299. கையில நின்னது 159. சூப்பர்ல? அவசரப்படாதீங்க. 15 சட்டையில வித்தது ஒம்போதுதான். விக்காத ஆறுக்குப் போட்ட காசையும் சலவைக் கூலியையும் கழிச்சா, மொத்தமா ஆயிரத்துச் சொச்சம். அதுவும் ரெண்டு மாசத்துல. 'ஒரு சட்டைக்கு எவ்வளவு லாபம்?'னு கேட்கிறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது இதுதான்... விக்காத சட்டை எத்தனைன்னு முதல்ல கேளுங்க.

இதைக் கண்டுபிடிச்ச ஜீனியஸ் நான்தான்னு கொஞ்ச நாள் நெனப்புல திரிஞ்சேன். தேடிப் பார்த்தா, எனக்கு முன்னாடியே ஒருத்தர் இறங்கியிருக்கார். ஜேம்ஸ் ரைன்ஹார்ட். ஹார்வர்டில் படிச்சுக்கிட்டிருந்தப்ப அலமாரி நிறைய போடாத துணி, கையில காசு இல்லை. 2009-ல் நண்பர்களோட சேர்ந்து 'த்ரெட்அப்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஐடியாவே ஆண்கள் ஒருத்தருக்கொருத்தர் சட்டை மாத்திக்கிறதுதான்! ஆனா, அடுத்த வருஷமே அதை விட்டுட்டு குழந்தைங்க துணிக்கு மாறிட்டாங்க. அப்புறம் பெண்கள் துணி. 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை வரைக்கும் போயாச்சு.

ஏன் நம்மளைக் கழட்டி விட்டாங்கன்னு யோசிச்சா சிரிப்பு வருது. குழந்தைங்க ஆறு மாசத்துல வளர்ந்துடும், துணி புதுசாவே இருக்கும். நாம? ஒரே சட்டையைக் கிழியிற வரைக்கும் போடுவோம். கிழிஞ்ச பிறகு பைக் துடைப்போம். அப்புறம் எங்கேயிருந்து ஸ்டாக் வரும்? ஆண்கள் துணியை மட்டுமே நம்பி ஜெயிச்சவங்களும் இருக்காங்க. அருண் குப்தா நியூயார்க்கில் தொடங்கின 'கிரெயில்டு' அப்படித்தான். 2022-ல் 'கோட்' நிறுவனம் அதை வாங்கிடுச்சு. ஆனா, அங்கே கைமாறுவது டிசைனர் சட்டை. நம்மகிட்ட இருக்கிறது ஹாஸ்டல் சட்டை!

அதனால நான் ஸ்டாக்குக்காக அலைஞ்சேன். ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரி காந்தி வீதி சந்தை. பழைய துணிக்கு பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் கிண்ணமும் கொடுக்கிற பாத்திரக்காரர். கல்யாண வரவேற்புக்கு ஒரே ஒரு ராத்திரி போட்ட சட்டைகள்... யோசிச்சுப் பாருங்க, பழைய துணிக்கு மறுபடி ஒரு விலை வெக்கிறது நம்ம தெருவுக்கு ஒண்ணும் புதுசில்ல. நான் அதை போனுக்குள்ள கொண்டுவந்தேன், அவ்வளவுதான்.

முதல் அடி கோயம்புத்தூர்லேர்ந்து விழுந்துச்சு. 'ப்ரோ, வேர்வைச் சட்டையைத் துவைக்காம அப்படியே அனுப்பிட்டியா?' போட்டோவுல பார்த்தா, கருநீலச் சட்டையில காலரைச் சுத்தியும் கக்கத்துலயும் வெள்ளை வெள்ளையா கோடு. சத்தியமா ரெண்டு தடவை துவைச்சேன் பாஸ். அப்புறம்தான் உறைச்சது. லீவுக்கு ஊருக்கு வந்தப்ப, எங்க வீட்டு போர் தண்ணியில துவைச்ச சட்டை அது. எங்க தண்ணி உப்பு. சோப்பு நுரைக்கவே அடம் பிடிக்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். பாத்தியில தேக்கி வெயில்ல விட்டா தண்ணி ஆவியாகி உப்பு தங்கிடும். எங்க போர் தண்ணியில அவ்வளவு இல்லைன்னாலும், கொடியில காயுற சட்டையில நடந்ததும் அதேதான். தையல் தடிமனா இருக்கிற இடத்துல கடைசியா காயும், அங்கே கோடு விழும். அம்மா உப்பளத்துல உப்பு எடுத்தாங்க, நான் சட்டையில எடுத்திருக்கேன்!

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதுலேர்ந்து கடைசி அலசல் நல்ல தண்ணியில. 'குடிக்கத் தூக்கிட்டு வர்ற தண்ணியில எவனோ சட்டைக்குக் குளியலா?'ன்னு அம்மா திட்டினதைத் தனிக் கட்டுரையா எழுதலாம்.

ஆனா நான் இங்கே சொல்ல வந்தது வேற சட்டை.

போன ஏப்ரல். ஒருத்தர் மெசேஜ் போட்டார். முழுக்கை வேணும், கட்டம் போட்டது, 42 சைஸ், நல்லா வெளுத்த 'வின்டேஜ் லுக்'ல இருக்கணும். என்கிட்ட இல்லை. விடவும் மனசில்லை. வீட்டுல கொடியைப் பார்த்தேன். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒண்ணு தொங்கிட்டிருந்துச்சு. மூணு வருஷ வெயில் வெளுத்த நீலம். அந்த மாதிரி வெளுப்பை எந்த மெஷினாலயும் கொண்டுவர முடியாது. போட்டோ எடுத்து அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல ஜிபேயில 399 ரூபாய். என் பக்கத்தோட அன்னிக்கு வரைக்குமான ரெக்கார்டு!

அது அம்மாவோட சட்டை.

'ஆம்பளைங்க துணி'ன்னு என் பக்கத்துல பெருசா எழுதி வெச்சிருக்கேன். உண்மையில எங்க ஊர் உப்பளத்துல அந்தச் சட்டையைச் சேலைக்கு மேல போட்டுக்கிட்டு நிக்கிறது பொம்பளைங்க. மேலேயிருந்து ஒரு வெயில், வெள்ளை உப்புல பட்டு கீழேயிருந்து இன்னொரு வெயில். கூடையிலேர்ந்து சொட்டுற உப்புத் தண்ணி கழுத்துலயும் கையிலயும் வழியும். சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் போச்சு, எரிஞ்சு புண்ணாகிடும். முழுக்கைச் சட்டைதான் அவங்களுக்கு யூனிஃபார்ம். ஃபேக்டரியில போற நமக்கு சேஃப்டி ஷூ மாதிரி.

மறுநாள் அம்மா அரைக்கைச் சட்டையில போனாங்க. சாயங்காலம், 'அந்தக் கட்டம் போட்டதைப் பார்த்தியாடா?'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அடுத்த நாளும் கேட்டாங்க. அடுத்த நாளும் இல்லைன்னேன். மூணாவது ராத்திரி, வாசல்ல உட்கார்ந்து முழங்கையில தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டிருந்தாங்க. செவசெவன்னு இருந்துச்சு. அதுக்கு மேல என்னால முடியலை.

''வித்துட்டேம்மா.''

''எவ்வளவுக்கு?''

''399.''

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் சிரிச்சுட்டாங்க. ''அந்தச் சட்டைக்கா? எந்தப் பைத்தியக்காரன்டா அவன்?''

நானும் சிரிச்சேன். சிரிப்பு அடங்கினதும் சாதாரணமா ஒண்ணு சொன்னாங்க... ''வித்ததுல தப்பில்லடா. சொல்லிட்டு வித்திருக்கலாம்ல? நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். வேற முழுக்கையா பார்த்து வாங்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேன்.''

திட்டியிருந்தா மறந்திருப்பேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதினொரு சட்டை விற்பனையில இருந்துச்சு. அதுல மூணுல நான் எதையோ மறைச்சிருந்தேன். ஒண்ணுல காலர் மடிப்புல நூல் பிரிஞ்சிருக்கும், மடிச்சு வெச்சு போட்டோ எடுத்திருந்தேன். இன்னொண்ணுல கறை, அதுக்கு மேல ஃபில்டர். மூணாவதுல ஒரு பட்டன் வேற கலர், அந்த இடத்துல ஸ்டைலா ஒரு கூலிங் கிளாஸ் வெச்சு மறைச்சிருந்தேன். அம்மாகிட்ட 'இல்லை'ன்னு சொன்னதும் இதுவும் வேறவேற இல்லைன்னு அப்பதான் புரிஞ்சது.

எல்லாத்தையும் அழிச்சு மறுபடி எழுதினேன். 'வலது காலர்ல நூல் பிரிஞ்சிருக்கு, ரெண்டாவது போட்டோ பாருங்க.' 'நாலாவது பட்டன் வேற.' 'போட்டவர் உயரமானவர், கை நீளம் உங்களுக்கு அதிகமா இருக்கலாம்.' அந்த 399 ரூபாய் ஆளுக்கும் மெசேஜ் போட்டேன். 'அது எங்க அம்மா உப்பளத்துல போட்ட சட்டை. சொல்லாம வித்துட்டேன். வேணாம்னா பணத்தைத் திருப்பித் தர்றேன்.' ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மறுநாள் வந்தது: 'துவைச்சதுதானே ப்ரோ? அப்ப ஓகே.'

இவ்வளவுதான் உலகம்! நாமதான் பயந்து சாகுறோம்.

'குறையை நீயே எழுதினா எவன் வாங்குவான்?'னு ரூம்மேட் கலாய்ச்சான். முதல் ரெண்டு வாரம் அவன் சொன்னதுதான் நடந்துச்சு, ஒண்ணும் நகரலை. அப்புறம் மெதுவா ஆர்டர் வந்துச்சு. முக்கியமா, திரும்பி வர்ற சட்டை குறைஞ்சுது. போக வர ரெண்டு கூரியர் காசு மிச்சமாகிறது எவ்வளவு பெரிய லாபம்னு கணக்கு போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இப்ப என் ரூம்ல தனியா ஒரு அட்டைப்பெட்டி இருக்கு. ஆன்லைன்ல போகாத முழுக்கைச் சட்டை எல்லாம் அதுல. கறை, வெளுப்பு, பிரிஞ்ச காலர். முன்னாடி டெய்லர்கள் நைஞ்ச காலரைப் பிரிச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பித் தைச்சுக் கொடுப்பாங்க, உங்க தாத்தாவைக் கேட்டுப் பாருங்க. எங்க தெரு டெய்லருக்கு அந்த வித்தை இன்னும் கையில இருக்கு. திருப்பித் தைச்சு, அம்மாவோட வேலை செய்யிற அக்காங்க, அத்தைங்களுக்குப் போகுது. சும்மா கொடுத்தா வாங்க மாட்டாங்க. 20 ரூபாய் வெச்சுட்டுத்தான் எடுப்பாங்க. அதுல ஒரு அத்தை, வீட்டுக்காரரோட கல்யாணச் சட்டையைக் கொண்டுவந்து, 'இது அவருக்கு இனிமே இந்த ஜென்மத்துல பத்தாது, வித்துக் குடு'ன்னாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். கேட்டுட்டுத்தான் வாங்கினேன்!

வடகிழக்குப் பருவமழை வந்துட்டா பாத்தியெல்லாம் மூழ்கிடும். வருஷக் கடைசி வரைக்கும் அளத்துல வேலை இருக்காது. இந்த மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம்னு தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவிச்சது. மூணு மாசத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும்னு நீங்களே கணக்கு போட்டுக்குங்க. போன மழைக்கு அம்மாவும் ரெண்டு அத்தைங்களும் எனக்குச் சட்டை துவைச்சு, பட்டன் தைச்சுக் கொடுத்தாங்க. ஒரு சட்டைக்கு 15 ரூபாய். டிரம்ல பிடிச்ச மழைத் தண்ணி... அடடா, என்ன நுரை! ஒரு சட்டையிலகூட வெள்ளைக் கோடு இல்லை. காயப் போடத்தான் இடமில்லாம வீடு முழுக்க சட்டை தொங்குச்சு.

நீங்களும் பழைய சட்டை வாங்கப் போறீங்கன்னா, ஓசியில நாலு டிப்ஸ். லேபிள்ல இருக்கிற சைஸை நம்பாதீங்க, துவைச்சுச் சுருங்கியிருக்கும். சட்டையைத் தரையில விரிச்சு ஒரு கக்கத்துலேர்ந்து இன்னொரு கக்கம் வரைக்கும் அளந்து, ரெண்டால பெருக்கிக்குங்க. காலர் மடிப்பு, கைப் பட்டி, கக்கம் மூணையும் கிட்டத்துல போட்டோ கேளுங்க. கொடுக்க மறுத்தா, அங்கேதான் விஷயம் இருக்கு! வந்ததும் ஒரு தடவை துவைச்சுட்டுப் போடுங்க.

ஒரு காட்டன் டி-ஷர்ட் உருவாக சுமார் 2,700 லிட்டர் தண்ணி செலவாகுதுன்னு ஒரு கணக்கு பரவலா சொல்லப்படுது. உலகத்தோட பழைய துணி மூட்டை மூட்டையா ஹரியானாவில் இருக்கிற பானிபட்டுக்கு வந்து, பிரிச்சு, அரைச்சு, மறுபடி நூலாகிப் போர்வையாகுது. நல்ல தண்ணியை எண்ணி எண்ணிச் செலவு பண்ற ஊர்க்காரன் நான். அரைக்கிறதுக்கு முன்னாடி அதை இன்னும் ரெண்டு பேர் போட்டுக்கட்டுமேன்னுதான் தோணுது.

சரி, அலமாரியை மூடிட்டீங்களா? மறுபடி திறங்க. அதுல ஒரு முழுக்கைச் சட்டை இருந்தா, உங்க ஊர்ல வெயில்ல நின்னு வேலை பார்க்கிற யார்கிட்டயாவது 'வேணுமா?'ன்னு கேட்டுப் பாருங்க. அது அப்பாவோட சட்டைன்னா, முதல்ல அப்பாகிட்ட சொல்லிடுங்க.

அப்புறம் ஒரு விஷயம்... கொடுக்கிறப்ப பட்டனை மட்டும் பிச்சு வெச்சுக்காதீங்க ப்ளீஸ்!