நாடு சுற்றிய உழைப்பாளர்

ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவரை உலகம் எளிதில் நம்பும். ஊர்விட்டு ஊர் செல்பவரை ஐயத்தோடு நோக்கும். வீடும் நிலமும் உடையவன் நல்லவன் என்றும், தோளில் மூட்டையுடன் வழியில் நடப்பவன் தீயவன் என்றும் எண்ணுதல் பலர்க்கும் இயல்பாகிவிட்டது. இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்க நாட்டு வரலாறு நன்கு காட்டும். அந்நாட்டில் 'ஹோபோ' என்று அழைக்கப்பட்ட நாடோடித் தொழிலாளர் நாட்டுக்கு ஆற்றிய பணி பெரிது. அவர்கள் பெற்ற பரிசோ பழியும் சிறையுமே.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடைபெற்றது. போர் முடிந்ததும் படைவீரர் பலர் வேலையின்றி அலைந்தனர். அக்காலத்தில்தான் இருப்புப்பாதைகளும் நாடெங்கும் பரவின. 1869-ஆம் ஆண்டில் கிழக்குப் பகுதியையும் பசிபிக் கரையையும் இணைக்கும் பாதை நிறைவெய்தியது. நான்கு ஆண்டுகளுக்குள் பெரும் வாணிகச் சரிவு நேர்ந்தது, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலை இழந்தோர், வேலை எங்கே உண்டு என்று தேடிப் புறப்பட்டனர். கையில் காசில்லாத அவர்கள், ஓடும் சரக்கு வண்டிகளில் ஒருவரும் அறியாமல் ஏறிச் சென்றனர். ஹோபோவின் வாழ்வு இவ்வாறு தொடங்கிற்று.

ஹோபோவைப் பிச்சைக்காரன் என்று கருதுதல் தவறு. உழைப்பதற்காக அலைபவன் ஹோபோ. உழைக்காமல் அலைபவன் 'டிராம்ப்'. உழைக்காமலும் அலையாமலும் ஓரிடத்தே கிடப்பவன் 'பம்'. இவ்வேறுபாட்டை அவர்கள் மிகுந்த பெருமிதத்தோடு எடுத்துரைப்பர். கோடையில் தென்பகுதியில் கோதுமை முற்றும். அறுவடை மெல்ல மெல்ல வடக்கு நோக்கி நகரும். ஹோபோக்களும் அதனைப் பின்தொடர்ந்து, டகோட்டா மாநிலங்கள் வரையிலும், அதற்கு அப்பாலும் சென்று கதிர் அறுத்தனர். காடுகளில் மரம் வெட்டினர். தோட்டங்களில் கனி பறித்தனர். உறைந்த ஏரிகளில் பனிக்கட்டி அறுத்தனர். புதிய இருப்புப்பாதைகளுக்கு மண் சுமந்தனர். வேலை முடிந்த மறுநாளே அவ்வூர் அவர்களை 'வெளியே போ' என்றது. விளைச்சலுக்கு வேண்டப்பட்டவர், விளைச்சல் வீடு சேர்ந்தபின் வேண்டாதவர் ஆயினர்.

இருப்புப்பாதைகள் கூடும் இடங்களுக்கு அருகே, நீர்நிலையை ஒட்டி, அவர்கள் தங்குவதற்கென்று மறைவிடங்கள் இருந்தன. அவற்றை அவர்கள் 'காடு' என்று குறித்தனர். ஒருவன் கிழங்கு கொணர்வான். மற்றொருவன் வெங்காயம் கொணர்வான். வேறொருவன் இறைச்சித் துண்டு கொணர்வான். அனைத்தும் ஒரே பாத்திரத்தில் வெந்து, அனைவர்க்கும் உணவாகும். உண்டபின் பாத்திரத்தைக் கழுவி, அடுத்து வருவோர்க்காக வைத்துச் செல்லுதல் அவர்களது எழுதாச் சட்டம். அதனை மீறியவனைக் குற்றவாளியாகக் கருதினர். முன்பின் அறியாத ஒருவனுக்காகப் பாத்திரம் கழுவி வைத்த இம்மக்களைத்தான் நாகரிகம் அற்றவர் என்று ஊரார் இகழ்ந்தனர்.

இகழ்ச்சியோடு சட்டமும் சேர்ந்துகொண்டது. அடிமைத்தளையினின்று 1865-இல் விடுபட்ட கறுப்பின மக்கள் வேலையின்றிக் காணப்பட்டாலே குற்றம் என்று தென்மாநிலங்கள் விதி வகுத்தன. பின்னர் வடமாநிலங்களும் வீடின்றித் திரிவோரைத் தண்டிக்கும் சட்டங்களை இயற்றின. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டங்கள் கேட்கவில்லை. அவன் யார், அவனிடம் என்ன உண்டு என்றே கேட்டன.

அச்சட்டத்தின் கொடுமையைத் தம் உடலால் உணர்ந்தவர் ஜாக் லண்டன். 1894-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது இளைஞராக நாடு சுற்றிவந்த அவர், நயாகரா அருவியைக் காணச் சென்றார். நிலவொளியில் அருவியின் அழகைக் கண்டு மெய்மறந்து நின்றார். இரவு வயல்வெளியில் உறங்கினார். விடியுமுன் எழுந்து, மீண்டும் அருவியைக் காண நடந்தார். வழியில் காவலர் அவரைப் பிடித்தனர். வழக்குமன்றத்தில் அவருக்கு வாய் திறக்கவும் இடமில்லை. சில நொடிகளில் முப்பது நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. அவ்விளைஞரே பிற்காலத்தில் உலகறிந்த எழுத்தாளர் ஆனார். 1907-இல் வெளிவந்த 'பாதை' என்னும் நூலில் இவ்வனுபவங்களை அவர் விரித்துரைத்தார்.

ஹோபோக்களிடம் அன்பு காட்டியோரும் இருந்தனர். செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின்மீது 1874-இல் புகழ்பெற்ற பாலத்தைக் கட்டி முடித்தவர் ஜேம்ஸ் ஈட்ஸ். அவருடைய பேரரான ஜேம்ஸ் ஈட்ஸ் ஹவ், தமக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தைத் தமக்கெனப் போற்றாமல், ஹோபோக்களோடு ஹோபோவாக வாழ்ந்தார். பல நகரங்களில் அவர்களுக்காகக் கல்லூரிகள் தோற்றுவித்தார். குளிர்காலத்தில் நகரங்களில் ஒதுங்கிய தொழிலாளர், அங்கே சட்டமும் உடல்நலமும் பொருளியலும் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டனர். சிகாகோ நகரில் ஹோபோவாக வாழ்ந்தறிந்த நெல்ஸ் ஆண்டர்சன் என்பவர், 1923-இல் அவர்களைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்றை எழுதி, அறிஞர் உலகின் கவனத்தை ஈர்த்தார்.

கலைஞரும் நாடோடியை மறக்கவில்லை. வால்ட் விட்மன் 1856-இலேயே நெடுவழிப் பயணத்தைப் போற்றிப் பாடினார். வேச்சல் லிண்ட்சே என்னும் கவிஞர் 1912-இல் கால்நடையாகப் புறப்பட்டு, வழியில் தம் கவிதைகளைக் கொடுத்து உணவு பெற்றார். இளமையில் வறுமையை அறிந்த சார்லி சாப்ளின், 1914 முதல் திரைப்படங்களில் கந்தலாடையும் கைத்தடியுமாகத் தோன்றினார். இல்லாதவனுக்கும் மானம் உண்டு, அன்பு உண்டு என்பதை உலகம் சிரித்துக்கொண்டே கற்றது.

1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார நெருக்கடி, இலட்சக்கணக்கானோரை வீதிக்குத் தள்ளியது. பள்ளியில் பயில வேண்டிய சிறுவரும் சிறுமியரும்கூட, பெற்றோர்க்குச் சுமையாதல் கூடாது என்று கருதி, சரக்கு வண்டிகளில் ஏறினர். கலிபோர்னியாவில் பிழைப்புண்டு என நம்பி வந்த ஏழைகளைத் திருப்பி அனுப்ப, 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் காவலர் மாநில எல்லைகளில் நிறுத்தப்பட்டனர். ஏழையை அம்மாநிலத்திற்கு அழைத்து வருதலே குற்றம் என்று ஒரு சட்டமும் இருந்தது. வேலையற்ற தம் மனைவியின் உடன்பிறந்தானை டெக்சஸ் மாநிலத்திலிருந்து அழைத்துவந்த எட்வர்ட்ஸ் என்பவர் அச்சட்டத்தால் தண்டிக்கப்பட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1941-இல் அம்மன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது ஆக்கியது; வறுமை வேறு, ஒழுக்கக்கேடு வேறு என்று தெளிவுறுத்தியது.

அவ்வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் வில்லியம் டக்ளஸ். நாட்டினுள் விரும்பிய இடம் செல்லுதல் குடிமக்களின் உரிமை என்று அவர் தனியாகவும் எழுதினார். தம் இளமையில் சரக்கு வண்டிகளில் சென்றதைத் தம் நூலில் குறித்தவர் அவர். முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1972-இல், ஜாக்சன்வில் நகரத்தின் நாடோடிச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தபோது, தீர்ப்பை எழுதியவரும் அவரே. அத்தீர்ப்பில் விட்மனையும் லிண்ட்சேயையும் அவர் நினைவுகூர்ந்தார். எது குற்றம் என்று விளங்காத சட்டம், காவலர் விரும்பியவரைப் பிடிக்கும் கருவியாகிவிடும் என்று கூறி, மன்றம் அதனை ஒழித்தது. நாடோடியைப் பாடிய கவிஞரின் சொல், நாடோடிக்குத் துணையாக நீதிமன்றம் ஏறியது.

எந்திரங்கள் வயலில் இறங்கியதும் கைகளால் அறுக்கும் வேலை குறைந்தது, ஹோபோக்களும் குறைந்தனர். அயோவா மாநிலத்துப் பிரிட் என்னும் சிற்றூரில் 1900-ஆம் ஆண்டில் அவர்களது மாநாடு நடைபெற்றது. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஹோபோக்களுக்கென்றே ஒரு பகுதி இன்றும் உள்ளது. வாழ்நாளெல்லாம் 'எங்கள் ஊரில் நில்லாதே' என்ற சொல்லையே கேட்டவர்க்கு, ஓர் ஊர் இறுதியில் இடம் அளித்தது. அவ்விடத்தை வாழும்போதே அளிப்பதன்றோ நாகரிகம்! வழியில் நடப்பவனைக் கண்டவுடன் அவனிடம் என்ன உண்டு என்று கேளாது, அவன் கைகள் என்ன செய்தன என்று கேட்கும் சமுதாயமே உழைப்பை மதிக்கும் சமுதாயமாகும்.