பதுங்குகுழியும் தொண்ணூற்றோராம் சங்கீதமும்

அம்மா காலமாகி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் அவரது தகரப் பெட்டியைத் திறக்கும் துணிவு எனக்கு வந்தது. சேலைத் துண்டொன்றில் சுற்றி வைத்திருந்த வேதாகமம் அடியில் இருந்தது. அதில் 91 ஆம் சங்கீதம் உள்ள பக்கம் மட்டும் விளக்குப் புகை படிந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, மற்றைய பக்கங்களிலிருந்து நிறத்தால் வேறுபட்டு நின்றது. ஓரத்தில் பென்சிலால் திகதிகள். முதலாவது 1987 ஒக்டோபர். கடைசித் திகதி 30.10.95, யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த நாள். இடையில் 9.7.95 என்ற திகதியும் இருந்தது. அதற்கு அருகே ஏதோ எழுதி, பின்னர் அழித்திருந்தார். எவ்வளவு முயன்றும் அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

என்னுடன் பல்கலைக்கழகத்தில் பயின்று, இப்போது கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் நேரடியாகவே கேட்டார்: "இவ்வளவையும் பார்த்த பிறகும் கடவுள் பாதுகாப்பார் என்று நீ நம்புகிறாயா?" அவருக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. கேள்வி நியாயமானது. அதை அவருக்கு முன்னரே எனக்குள் நான் பல தடவைகள் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூடை போட்ட பங்கர் ஒன்று இருந்தது. ஷெல்லடி தொடங்கினால் எங்கள் வீட்டார் ஐவரும், பக்கத்து வளவு ஆச்சியும் அவரது பேரப்பிள்ளைகளும் அதற்குள் இறங்குவோம். அம்மா 91 ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வார். ஆச்சி மறுமூலையில் இருந்து கந்தசஷ்டி கவசம் சொல்வார். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கலந்து, பொம்மர் தாழப் பறக்கும் போது இரண்டு குரல்களும் ஒரேயளவில் உயரும். தலை முதல் கால் வரை ஒவ்வோர் அவயவத்தையும் காக்கும்படி ஆச்சி வேண்டுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஞாயிறு பாடசாலையில் எபேசியர் நிருபத்தின் 'சர்வாயுதவர்க்கம்' என்ற பெருஞ்சொல்லைப் போதகர் விளக்கியபோது எந்தச் சிரமமும் இருக்கவில்லை. தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம் என்று அவர் சொல்லச் சொல்ல, "இது எங்கள் ஆச்சியின் கவசம்தானே" என்று நினைத்துக்கொண்டேன். அதைப் போதகரிடம் சொல்லாமல் விட்டது புத்திசாலித்தனம் என்றே இன்றும் கருதுகிறேன்.

இதை இங்கு குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 'ஆவிக்குரிய யுத்தம்' என்ற சொற்றொடரை இப்போது பல மேடைகளில் கேட்கிறேன். எதிரியின் பெயரைச் சொல்லிக் கட்டுவது, ஊரின் எல்லைகளைச் சுற்றி நடந்து செபிப்பது, எண்ணெய் பூசுவது என்று அது பெரியதொரு ஏற்பாடாகவே வளர்ந்துவிட்டது. அவற்றுள் சிலவற்றில், அயல்வீட்டான் வணங்கும் தெய்வமும் சில வேளைகளில் அயல்வீட்டானுமே எதிரியின் இடத்தில் நிறுத்தப்படுவதைக் கண்டு மனம் கூசியிருக்கிறேன். எபேசியர் ஆறாம் அதிகாரமோ நமது போராட்டம் மனிதரோடு அல்ல என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டே ஆயுதங்களின் பட்டியலுக்குள் நுழைகிறது. பங்கருக்குள் ஆச்சியின் குரலை அடக்கும்படி அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

1995 யூலை 9 ஞாயிற்றுக்கிழமை. 'முன்னேறிப் பாய்தல்' என்று பெயரிடப்பட்ட இராணுவ நடவடிக்கை அன்று தொடங்கியிருந்தது. வலிகாமத்தின் மேற்குப் புறத்திலிருந்து சாக்குப் பைகளோடும் சைக்கிள்களோடும் ஓடிவந்த சனங்கள் நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் சின்னக்கதிர்காம முருகன் ஆலயப் பகுதியிலும் இளைப்பாறிக் கொண்டிருந்தனர். கோவில் என்றால் குண்டு போடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பிற்பகலில் விமானங்கள் வந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சைவர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்தே இறந்தனர்.

அடுத்த நாள் செய்திக்காகச் சைக்கிளில் சென்றேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, பத்திரிகைத் தொழிலில் இரண்டு வருட அனுபவம். அங்கு கண்டவற்றுள் பெரும்பாலானவற்றை இதுவரை எழுதவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. மூன்று கற்கள் வைத்த அடுப்பில் கஞ்சிப் பானை ஒன்று கவிழாமல் இருந்தது. அதை மட்டும் சொல்லலாம். அன்றிரவு அம்மா வழமைபோல் சங்கீதத்தைத் தொடங்கியபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பக்கத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் உன்னை அது அணுகாது என்ற பொருளில் வரும் அந்த இடத்தை என்னால் கேட்க முடியவில்லை. விழுந்தவர்களின் பக்கத்தில் நின்று அதை எப்படிச் சொல்வது? அம்மா என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அவரும் அந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார் என்பதை அழிக்கப்பட்ட பென்சில் எழுத்தைக் கண்டபோதுதான் உணர்ந்தேன்.

ஏறத்தாழப் பன்னிரண்டு வருடங்கள் நான் அந்தச் சங்கீதத்தை வாசிக்கவில்லை. கொழும்புக்கு வந்தேன், திருமணம் செய்தேன், ஞாயிறுகளில் தேவாலயத்துக்கும் போனேன். அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுவேன்.

மீண்டும் அதனிடம் என்னைக் கொண்டுசென்றது பிசாசுதான் என்றால் நண்பர் சிரிப்பார். மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசு சோதிக்கப்படும் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று சோதனைக்காரன் வேதத்தை ஆதாரம் காட்டுகிறான். அவன் காட்டுவது இந்த 91 ஆம் சங்கீதத்தையே. சாக்கடற் சுருள்களுள் கும்ரான் பதினோராம் குகையில் கிடைத்த ஒன்றில், இச்சங்கீதம் பேயோட்டும் பாடல்களோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அதாவது அக்கால யூதர்கள் தீய ஆவிகளுக்கு எதிராகப் பயன்படுத்திய பாட்டையே சோதனைக்காரன் தன் வாயில் எடுக்கிறான். அதிலும் தூதர்கள் தாங்கும் வரிகளோடு நிறுத்திக்கொள்கிறான். சர்ப்பத்தை மிதிப்பது பற்றி அடுத்து வரும் வசனத்தை அவன் தொடவில்லை. மேற்கோளை வசதியான இடத்தில் வெட்டுவது எங்கள் தொழிலிலும் நடப்பதால் இது என் கண்ணுக்குத் தப்பவில்லை.

இயேசு குதிக்கவில்லை. ஆண்டவரைப் பரீட்சை பார்க்கலாகாது என்று உபாகமத்தைக் கொண்டு பதில் சொன்னார். அப்படியானால் இந்த வாக்குறுதியைக் குண்டு துளைக்காத கூரையாகப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கும் குரல் யாருடையது? நவாலிக்குப் பிறகு கடவுளோடு நான் நடத்திய வழக்கு, சோதனைக்காரன் எழுதிக்கொடுத்த குற்றப்பத்திரத்தை வைத்து நடத்திய வழக்கோ என்று முதன்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் இறந்தவர்கள் தொடர்பான கேள்வியைத் தீர்த்துவிடவில்லை. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

அதே 2007 ஆம் ஆண்டுதான் கொழும்பில் வெள்ளை வான்களின் காலம். மகன் கடத்தப்பட்ட தாய் ஒருவர், சைவப் பெண்மணி, தன் கதையை எனக்கு விரிவாகச் சொல்லியிருந்தார். கட்டுரை தயாராக இருந்தது. ஓர் இரவு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் நல்ல தமிழில், மிக மரியாதையாகப் பேசினார். என் மகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லும் வானின் இலக்கத்தையும், அவளது தண்ணீர்ப் போத்தலின் நிறம் நீலம் என்பதையும் சொன்னார். "அந்த விடயத்தை விட்டுவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். மகளுக்கு எட்டு வயது.

விட்டுவிட்டேன். ஆசிரியபீடத்தில் எவரும் என்னைக் கேட்கவில்லை, அந்நாட்களில் அப்படிக் கேட்பதுமில்லை. மனைவியிடம் அதனை முன்னெச்சரிக்கை என்று விளக்கினேன், எனக்கு நானே விவேகம் என்று சொல்லிக்கொண்டேன். அந்தத் தாய் ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். பத்திரிகையில் இடநெருக்கடி என்று பதில் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னபோது எங்களோடு வந்து தங்கியிருந்த அம்மா கதவடியில் நின்றார்.

"ஆர் தம்பி கதைச்சது? அந்தப் பிள்ளையின்ர தாயோ?"

"ஓம் அம்மா."

"இடமில்லை எண்டோ சொன்னனீ?"

நான் பேசவில்லை.

"நீ பயந்தது பிழையில்லை. பிள்ளையை வைச்சிருக்கிறவன் பயப்பிடத்தான் வேணும். ஆனா அந்த மனுசிக்குப் பொய்யைச் சொல்லிப்போட்டு வந்து செபத்தில குந்தாதை."

அன்றிரவு எபேசியர் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். ஆயுதங்களில் முதலாவதாக வருவது சத்தியம், இடுப்பில் கட்டும் கச்சை. மார்க்கவசமும் தலைக்கவசமும் ஏசாயாவின் 59 ஆம் அதிகாரத்தில் கடவுள் தாமே அணிந்துகொள்வன. அங்கே வரும் கட்டளை நிற்க வேண்டும் என்பது. முன்னேறு, வெட்டு, வெற்றிகொள் என்றெல்லாம் இல்லை, நில் என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கும் மேலாக என்னைத் தைத்தது பகுதியின் முடிவு. விலங்கிடப்பட்டிருக்கும் பவுல் தமக்காகச் செபிக்கும்படி கேட்கிறார். விலங்கு கழல வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தாம் வாய் திறந்து, பேச வேண்டியதைத் துணிவோடு பேச வேண்டும் என்றே கேட்கிறார். வாயைக் காத்துக்கொள்ளப் பார்த்த எனக்கு அது மிகவும் சங்கடமான வாசிப்பு.

எனக்கு எதிரே இரண்டு வழிகள் இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்: கடவுள் காப்பார் என்று மறுநாளே கட்டுரையைப் போட்டுவிடுவது, அல்லது அடங்கிப்போவது. முதலாவது உச்சியிலிருந்து குதிப்பது. நாங்கள் குதிக்கவில்லை. மகளை மனைவியின் தமக்கை வீட்டுக்கு வேற்றூருக்கு அனுப்பினோம். அந்தத் தாயை நேரில் சந்தித்து நான் சொன்னது பொய் என்றும், ஏன் சொன்னேன் என்றும் விளக்கினேன். அவர் அழுதார், பின்னர் "உங்கட பிள்ளை பத்திரமாக இருக்கிறாவோ" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவரது ஊரையும் பெயரையும் நீக்கி, மூன்று வாரங்கள் தாமதித்துக் கட்டுரை வெளிவந்தது. மகளைப் பிரிந்து படுத்த அந்த இரவுகளில் 91 ஆம் சங்கீதத்தை மீண்டும் வாசித்தேன். பயம் போகவில்லை. பயத்தோடு படுத்து உறங்க முடிந்தது.

எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இதை நான் சாட்சியாக எந்தச் சபையிலும் சொன்னதில்லை. சொல்ல முடியாது. நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் கொல்லப்பட்டார். சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டார். என்னைக் காத்த கடவுள் அவர்களைக் கைவிட்டார் என்று பொருள்படும் எந்தச் சாட்சியும் என் வாயில் வரக்கூடாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். அதன்பின் சில நாட்கள் அம்மா எதுவும் பேசவில்லை. அப்போதும் மாலையில் விளக்கின் கீழ் அதே பக்கத்தை விரித்து வைத்திருந்தார். வாசித்தாரா, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாரா தெரியாது.

நண்பருக்கு இன்னும் கடிதம் எழுதி முடிக்கவில்லை. நம்புகிறேன் என்றுதான் எழுதுவேன். எதிலிருந்து பாதுகாப்பு என்று அவர் திரும்பக் கேட்டால், அந்தத் தாயிடம் நான்காவது முறையும் இடநெருக்கடி என்று சொல்லியிருக்கக்கூடிய மனிதனிடமிருந்து என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அவரது மகன் திரும்பி வரவில்லை. வருடத்தில் ஒரு தடவை, மகன் காணாமற்போன நாளில், இப்போதும் தொலைபேசி எடுப்பார். ஏதாவது அறிந்தீர்களா தம்பி என்று கேட்பார். இல்லை அம்மா, ஒன்றும் அறியவில்லை என்று சொல்வேன். எனக்கும் என் பிள்ளைக்குமாக முருகனுக்கு விளக்கு வைப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.