மயக்க ஊசியைப் போடுவது யார்?

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர் அது. அங்கே ஒரு தறியில் வேலை பார்ப்பவரின் மூத்த மகள் அவள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் இரண்டு வருஷமாக வேலை.

மூச்சுத் திணறும் நோயாளிக்கு மயக்க மருத்துவர் வந்து குழாய் போடும்போது பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் அவள்தான். மருந்தின் அளவு, மானிட்டரில் ஓடும் எண், ஏறி இறங்கும் நெஞ்சு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. ‘இதையே மேல்படிப்பாகப் படித்தால் என்ன?’ என்ற ஆசை வந்தது.

செல்போனில் தேடினாள். அமெரிக்காவில் நர்ஸ்களே மயக்க மருந்து கொடுக்கிறார்கள், ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று வீடியோக்கள் வந்தன. அது பொய் இல்லை. அங்கே அது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். மேயோ கிளினிக்கில் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், தான் மயக்கம் கொடுத்த 14,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பற்றி 1906-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் ஒரு வழிகாட்டி மையத்திலிருந்து போன் வந்தது. ஒரே வருஷத்தில் மயக்கவியல் நர்சிங் டிப்ளமோ, முடித்ததும் வெளிநாட்டு வேலை என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கட்டவேண்டுமாம். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். “படிப்புக்குத்தானே, அடகு வெச்சுக்கலாம்” என்றார்.

பணம் கட்டும் முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அப்பா சொன்னார். அரசு ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் அத்தை. அரை மணி நேர பஸ் பயணம்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தை ஒரே கேள்விதான் கேட்டார். “இந்தப் படிப்பை முடிச்சா மயக்க ஊசியை நீ போடுவியா, இல்ல போடுற டாக்டருக்கு எடுத்துக் குடுப்பியா? அதை முதல்ல தெரிஞ்சுக்கோ தாயி.”

அந்தக் கேள்விக்கு அந்த மையத்தில் யாரிடமும் பதில் இல்லை. அங்கீகாரம் யார் கொடுத்தது என்று கேட்டதும் பேச்சு மாறியது. பிறகு போன் வரவே இல்லை.

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையும் அவளும் நோட்டுப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வழியாக எழுதினார்கள்.

நம் நாட்டில் மயக்கம் கொடுப்பது அந்தத் துறையில் மேல்படிப்பு முடித்த மருத்துவரின் வேலை. அவருக்குத் துணையாக மெஷினையும் மருந்தையும் தயார் செய்பவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம் என்ற பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. பயிற்சியோடு சேர்த்து நான்கு வருஷம். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு அது நல்ல வழி. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவளுக்கு, திரும்ப முதல் படியிலிருந்து ஏறுகிற மாதிரி.

எம்.எஸ்சி. நர்சிங்கில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டு. மயக்கவியல் என்று தனிப்பிரிவு கிடையாது.

அமெரிக்கா? அங்கே என்க்ளெக்ஸ் தேர்வு எழுதி நர்ஸாகப் பதிவு செய்யவேண்டும். பிறகு குறைந்தது ஒரு வருஷ ஐ.சி.யு. அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் அமெரிக்க ஆஸ்பத்திரியில் பெற்றதாக இருக்கவேண்டும். மதுரையில் பார்த்த இரண்டு வருஷம் அந்தக் கணக்கில் வராது. 2022 முதல் அந்தப் படிப்பில் சேருகிறவர்கள் டாக்டர் பட்ட அளவில்தான் படிக்கமுடியும். அதற்கு மூன்று வருஷம். இதை எந்த வீடியோவிலும் அவள் பார்க்கவில்லை.

கடைசியாக நோட்டில் ஏறியது, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்’. இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு. பெரும்பகுதி நேரம் ஐ.சி.யு.விலேயே பயிற்சி. பி.எஸ்சி. நர்சிங்கும் பதிவும் ஒரு வருஷ அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இங்கே அவளது இரண்டு வருஷத்துக்கு மதிப்பு இருந்தது. “ஆனா இதுலயும் நீ மயக்க டாக்டர் ஆகமாட்டே. தெரிஞ்சுதானே சேர்றே?” என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். மூச்சுக் கருவியோடு போராடும் நோயாளியின் பக்கத்தில் நிற்பதுதான் தனக்கு வேண்டும் என்று அவள் தெளிவாகச் சொன்னாள்.

கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரிப் பெயரைச் சரிபார்த்த பிறகே விண்ணப்பம் போட்டாள். அனுபவச் சான்றிதழ் வாங்க இரண்டு முறை லீவு போட்டு அலைந்தாள். இரவு டியூட்டி முடிந்துவந்து, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் படித்தாள்.

நேர்முகத்தில், “வென்டிலேட்டர் அலாரம் அடிக்குது. முதல்ல எதைப் பார்ப்பீங்க?” என்று கேட்டார்கள்.

“நோயாளியைப் பார்ப்பேன் சார். அப்புறம்தான் மெஷினை” என்றாள்.

இடம் கிடைத்தது. கட்டணத்துக்குக் கல்விக் கடன் போட்டிருக்கிறார்கள். அதை அடைக்கவேண்டிய மாதத் தவணையையும் அவளே கணக்குப் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அமெரிக்கா என்று எழுதிய பக்கத்தை அவள் கிழிக்கவில்லை. முதலில் இந்த இரண்டு வருஷம், மற்றது பிறகு.

அம்மாவின் சங்கிலி இப்போதும் அம்மாவின் கழுத்தில்தான் இருக்கிறது.